டோக்கனின் இரண்டு பாதிகளும் என் கையில்

தாம்பரத்தில் ஒரு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று முடிவெடுத்தது என் வலது முட்டி. தெற்குக் கோடியில் இருந்து சைக்கிளில் கிளம்பிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. செங்கல்பட்டு வரும் முன்பே முட்டி வீங்கிவிட்டது. வண்டலூர் தாண்டும்போது பின் டயரும் ஒரு பக்கம் உப்பிக்கொண்டது. ஆந்திரா வரைக்கும் போவதாக எண்ணம். அந்த டயரோடு போனால் எங்கே வெடிக்கும், வெடிக்கும்போது பின்னால் எந்த லாரி வரும் என்று சொல்ல முடியாது. முட்டிக்கு ஒரு நாள் ஓய்வு, வண்டிக்கு ஒரு டயர். இந்த ஊரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வண்டி, இருபத்திரண்டு இன்ச் ஃபிரேம். பால்காரர்களும் கொத்தனார்களும் ஓட்டிக்கொண்டிருந்த அதே பழைய ரகம். கியர் கிடையாது. ஒரு காயலான் கடையில் எடைக்குப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி நானே சரி செய்தேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். லேத் பட்டறை, பரோட்டா கல், செங்கல் சூளை, போர்வெல் லாரி என்று எந்த இடத்திலும் இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. அந்த சைக்கிள் நான்கு வருஷமாக என்னோடு இருந்தது. வேறு எந்தப் பொருளும் அவ்வளவு காலம் என்னிடம் தங்கியதில்லை.

வழியில் டீக்கடைகளில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எதுக்காகப் போறீங்க? விழிப்புணர்வா?" இப்போதெல்லாம் சைக்கிளில் தூரம் போகிறவன் முன்னால் ஒரு போர்டு மாட்டியிருக்க வேண்டும். மரம் நடு, தண்ணீரைச் சேமி, ஏதாவது ஒன்று. சும்மாதான் போகிறேன் என்று சொன்னால் முகம் மாறிவிடும். தெற்கே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே டீயை நீட்டினார்கள். சென்னை நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சலுக்குப் பயந்து கிழக்கே ஒதுங்கி மாடம்பாக்கம் கோயில் பக்கம் படுத்திருந்தேன். காலையில் தெருக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து நின்றார். அரைக்கால் சட்டை, வெள்ளை ஷூ, கையில் நாய்ச் சங்கிலி.

"ஹலோ, இங்கெல்லாம் ஸ்டே பண்ணக் கூடாதுங்க. ரெசிடென்ஷியல் ஏரியா இது."

"கோயில் பக்கம்தானே சார்."

"அதைத்தான் சொல்றேன். வாக்கிங் வர்ற லேடீஸ்லாம் பயப்படறாங்க. நான் அசோசியேஷன்ல இருக்கேன். போலீஸைக் கூப்பிடற மாதிரி வெச்சுக்காதீங்க."

அவருடைய நாய் என் பையை மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. அவர் சங்கிலியை வெடுக்கென்று இழுத்தார். நான் முகத்தைத் துடைக்காமலே ஏறி மிதித்தேன். சேலையூர் வரைக்கும் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். தலைக்கு மேலே விமானப்படையின் சின்ன விமானம் ஒன்று அதே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் திட்டினேன்.

கிழக்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குள் அந்தக் கோபத்தோடு நுழைந்ததுதான் தப்பு. ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் ரப்பர் தேய்ந்திருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்து நாளாக மாற்றாமல் ஓட்டியிருந்தேன். வண்டி நிற்கவில்லை. ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கடைக்குள் முன் சக்கரம் போய்விட்டது. அன்னக்கூடை கவிழ்ந்து சங்கரா மீன் முழுவதும் மண்ணில் கொட்டியது. அவர் யாருக்கோ மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அரிவாள்மனைக்கு முன்னால் குவிந்திருந்த செதிலின் மேல் என் சக்கரம் ஏறி நின்றது.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். "கஸ்மாலம்! இன்னும் போணியே ஆவல. அதுக்குள்ள மண்ணை அள்ளிப் போட வந்துகினியா?"

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். குனிந்து மீனைப் பொறுக்கியிருக்க வேண்டும். மாடம்பாக்கத்துக்காரரிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த நேரத்தில் வாயில் வந்து நின்றது.

"ரோட்டுல கடை போட்டா இப்படித்தாம்மா ஆகும்."

"ரோட்டுலயா? உங்க அப்பன் வூட்டு ரோடா இது? டேய், நான் இங்க குந்த ஆரம்பிச்சப்போ நீ மூக்கு ஒழுகிகினு இருந்திருப்ப. எடுடா மீனை!"

நான் எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பிக் கொண்டு நடந்தேன். பின்னால் இருந்து ஒரு மீன் தலை வந்து என் முதுகில் பட்டது. பக்கத்தில் காய்கறி விற்றவர்கள் கை தட்டினார்கள்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. வாசல் முழுக்கக் கலர் கலராகக் குழந்தைகள் சைக்கிள். கடைக்காரர் கல்லாவில் இருந்து எழாமலே என் பின் டயரைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு இன்ச்சா? சார், இதுக்கு இப்ப மியூசியத்துலதான் டயர் கிடைக்கும். பாரிமுனை போய்ப் பாருங்க. டிரெயின்ல ஒரு மணி நேரம்."

வண்டியோடு மின்சார ரயிலில் ஏற முடியாது. ஸ்டேஷனை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஸ்டாண்டு ஒன்று இருந்தது. முக்கால்வாசி மோட்டார் சைக்கிள்கள். சுவர் ஓரமாக மட்டும் ஒரு வரிசை சைக்கிள்கள். அதில் பாதி, யாரும் எடுக்க வராமல் சிலந்தி வலை கட்டிக் கிடந்தவை.

அங்கே வழக்கம் இப்படி. ஒரே எண்ணை இரண்டு முறை அச்சடித்த சீட்டு. நடுவில் கிழித்து ஒரு பாதியை நூலால் வண்டியின் ஹேண்டிலில் கட்டுவார்கள். இன்னொரு பாதி நம் கையில். திரும்பி வந்து நம் பாதியைக் கொடுத்தால், எண்ணைச் சரி பார்த்து, கட்டியதையும் அறுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கம்பியில் குத்திவிடுவார்கள். இரண்டு பாதியும் சேர்ந்தால் வண்டி வெளியே போய்விட்டது என்று கணக்கு.

காலையில் இருந்தவர் வயதானவர். பாட்டில் அடி மாதிரி கண்ணாடி. என் சங்கிலியையும் பூட்டையும் பார்த்து, "பூட்டாதப்பா. வரிசையில நவுத்தணும்" என்றார். "சாமான் எதையும் வெச்சுட்டுப் போவாத. காணாப் போனா நாங்க பொறுப்பில்ல." பேசிக்கொண்டே ஹேண்டில் பக்கம் குனிந்து ஒரு பாதிச் சீட்டைக் கட்டி, மறு பாதியை என் கையில் திணித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

ஹேண்டிலின் முன்னால் ஒரு ரெக்சின் பை மாட்டியிருந்தேன். நானே தைத்தது. இரண்டு பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருக்கும். தூரம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை விட்டு நாலு அடி நகர்ந்தாலும் முன் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்வோம். கை தானாகச் செய்துவிடும், கண் பார்க்காது. கேரியரில் இருந்த துணி மூட்டையை அவிழ்த்தேன். சங்கிலியை மூட்டைக்குள் போட்டேன். முன் பையின் பெல்ட்டைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

ரயிலில் கதவோரம் நின்ற இரண்டு கல்லூரிப் பையன்கள் என் முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மச்சான், ஆளுக்கே டோக்கன் போட்டு வுட்டிருக்காங்கடா."

"நைட்டுக்குள்ள எடுக்கலன்னா டபுள் சார்ஜுன்னு சொல்லு."

இந்த ஊருக்கு என்னைக் கேலி செய்ய ஒரு காரணமும் வேண்டியதில்லை என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக் கொண்டேன். என்னடா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைய நாள் வேறு மாதிரி முடிந்திருக்கும். கேட்கவில்லை.

பாரிமுனையில் மூன்று சந்து அலைந்து ஒரு டயர் கிடைத்தது. முட்டி இன்னும் கொஞ்சம் வீங்கியது. டயரை மாலை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நான்கு மணிக்குத் தாம்பரம் திரும்பினேன்.

ஸ்டாண்டில் ஆள் மாறியிருந்தார். இவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். காக்கிச் சட்டை, காதில் பேனா. என் சீட்டை வாங்கி எண்ணைப் பார்த்துவிட்டுச் சுவர் ஓரம் போனார். ஒவ்வொரு ஹேண்டிலாகப் புரட்டினார். என் வண்டி வரிசையின் நடுவில் இருந்தது. நான் அதை ரோட்டில் இருந்தே பார்த்துவிட்டேன்.

"அதுதான் அண்ணாச்சி. அந்தக் கறுப்பு."

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகினு கீறேன்?" என்றார். "இருக்கறது எல்லாமே கறுப்புதான். இந்த வண்டில டோக்கன் இல்லையே."

"விழுந்திருக்கும்."

"எங்க டோக்கன் வுழாது." சட்டென்று என் தோளைத் திருப்பினார். பையின் பின்பக்கப் பெல்ட்டில் அந்தச் சீட்டு நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. காலைப் பெரியவர் ஹேண்டில் என்று நினைத்துப் பையின் பெல்ட்டில் கட்டியிருக்கிறார். நான் அதைப் பாரிமுனை வரை சுமந்து போய்த் திரும்பியிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடடா, இங்கேயே இருக்குதே. சரியாப் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"இன்னா சரியாப் போச்சு? ரெண்டு பாதியும் உன் கையில கீதுன்னா இன்னா அர்த்தம்? நீ வண்டிய எடுத்துகினு போயிட்ட. இப்ப திரும்ப வந்து வேற எவன் வண்டியையோ கேக்கற."

"எடுத்திருந்தா சீட்டை நீங்கதானே வாங்கிக் கம்பியில குத்தியிருப்பீங்க?"

"கூட்டத்துல குத்தாம வுட்டிருப்போம். நீ அத்த தூக்கி பையில கட்டிகினு வந்துட்ட. போன மாசம் இதே மாதிரி ஒருத்தன் வந்தான். டோக்கன் தொலைஞ்சுடுச்சு சார்னு அழுதான். பாவமேன்னு குட்த்தேன். சாயங்காலம் உண்மையான ஓனரு வந்து என் சட்டைய புட்ச்சான். அந்த வண்டிக்குப் பணத்தை நான் அழுதேன். என்னாண்ட டபாய்க்காத."

ஆதார் அட்டையைக் காட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "இது நீ யாருன்னு சொல்லுது. வண்டி யாரோடதுன்னு சொல்லலையே."

சங்கிலியையும் பூட்டையும் எடுத்துக் காட்டினேன். "பூட்டு வெச்சிருக்கறவன்லாம் வண்டிக்காரனா?"

டயரைக் காட்டினேன். இந்த வண்டிக்காகத்தான் பாரிமுனை போய் வாங்கினேன் என்றேன். "இந்த வரிசைல எல்லாத்துக்கும் இதே டயர்தான் சேரும்."

இடது பெடலில் ரப்பர் பிய்ந்திருக்கும், சீட்டுக்கு அடியில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும் என்றேன். "இங்க நின்னுகினு பாத்தா எனக்கும்தான் தெரியுது."

எங்கே போற, எதுக்குப் போற என்று கேட்டார்; ஆந்திரா வரைக்கும் சைக்கிளில், சும்மாதான் என்றேன். "பில் கீதா?" என்று கடைசியாகக் கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். காயலான் கடையில் வாங்கியது, பில் கிடையாது. சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்தது, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று.

"ஓ. காயலான் கடை." பேனாவைக் காதில் இருந்து எடுத்தார். "சைக்கிள்ல ஊர் ஊரா போற. போர்டு இல்ல, பேனர் இல்ல. எதுக்குப் போறன்னு கேட்டா சும்மான்ற. வண்டி காயலான் கடை. நானே வண்டிய எடுத்து குடுக்கணுமா?"

அவர் என்னை ஏமாற்றவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவருடைய இடத்தில் நான் இருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன். அது புரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. என் கையில் இருந்த எதுவும் என் வண்டியை என்னுடையது என்று சொல்லவில்லை.

காலைப் பெரியவருக்குப் போன் போடச் சொல்லிக் கெஞ்சினேன். போட்டார். படப்பை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார் போலிருக்கிறது, ஹாரன் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

"இன்னாது, பையில கட்டினேனா? ஹேண்டிலு எதுன்னு தெரியாம பையில கட்டறதுக்கு நான் இன்னா லூஸா? நான் டோக்கன் கட்டாத வண்டி அந்த ஸ்டாண்டுல நிக்காது. வெய்யி போனை!"

காக்கிச் சட்டைக்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். "கேட்டுகினியா? டோக்கன் இல்லாத வண்டி நாளைக்குக் காலைல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவும். அங்க போய்ச் சொல்லு."

போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் போன சைக்கிள்களை நான் பல ஊரில் பார்த்திருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். நடுவில் செடி முளைத்திருக்கும்.

"இல்லாட்டி," என்றார், "இந்த ஊர்ல தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டியா. இந்த வண்டில உன்னைப் பாத்தவங்க. அவங்க கையெழுத்துப் போட்டா குடுக்கறேன். அவங்களே வண்டிய அடையாளம் காட்டணும். நீ வாயத் தொறக்கக் கூடாது. ஏழு மணிக்கு நான் சாத்திகினு போயிடுவேன்."

தெரிந்தவர். தாம்பரத்தில் நான் இறங்கி ஒரு பகல்கூட ஆகவில்லை.

முதலில் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டது அவர் கண்ணிலேயே தெரிந்தது. விஷயத்தைச் சொன்னதும் அது மறைந்துவிட்டது.

"சார், டெய்லி எத்தனையோ பேர் வர்றாங்க. நான் டயரைத்தான் பார்த்தேன். ஆளைப் பார்க்கலை."

"காலையில பாரிமுனை போகச் சொன்னது நீங்கதானே?"

"யாருக்கு வேணா சொல்லுவேன். நாளைக்கு வேற யாராவது அது என் வண்டின்னு வந்தா என்னையில்ல இழுப்பாங்க? எனக்கு எதுக்கு சார் பேஜார். தப்பா எடுத்துக்காதீங்க." ஒரு குழந்தை சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

மாடம்பாக்கத்து ஷூக்காரரை நினைத்தேன். அவர் சைக்கிளோடு என்னைப் பார்த்தவர்தான். பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. தெரிந்து போனாலும் காவல்காரர் கேட்டிலேயே நிறுத்தியிருப்பார்.

அதற்குப் பிறகு ஒருவர்தான் மிச்சம்.

மீன்கார அம்மா கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். அரிவாள்மனையைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாடா ராசா. இன்னா, மிச்சத்தையும் மண்ணுல கொட்டணுமா?"

"அக்கா..."

"காலைல ஏம்மா. சாயங்காலம் அக்காவா? இன்னா வேணும்?"

சொன்னேன். டோக்கன், பை, இரண்டு பாதி, ஏழு மணி, எல்லாவற்றையும். வேகமாகச் சொன்னதில் நாக்குத் தடுமாறியது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பக்கத்துக் காய்கறிக்கார அம்மாவும் தராசை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப இந்த ஊர்லயே உன்னைத் தெரிஞ்சது நான் ஒருத்திதான்?"

"ஆமாக்கா."

"நான் இன்னான்னு சொல்றது? என் மீனை மண்ணுல கொட்டிட்டு ஓடிப்போன நாயி இதுதான்னு சொல்லட்டா?"

"அப்படியே சொல்லுங்கக்கா."

காய்கறிக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "மொதல்ல அந்த எடத்தைக் கழுவு" என்றார். காலையில் நான் மோதிய இடத்தில் மீன் தண்ணீர் காய்ந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. "உன்னால நாள் முழுக்க ஈ ஓட்டினேன்."

குழாய் தெரு முனையில் இருந்தது. டயரைத் தோளில் போட்டபடியே மூன்று குடம் கொண்டுவந்து ஊற்றித் தென்னை விளக்குமாற்றால் தேய்த்தேன். முட்டி மடங்க மறுத்தது. ஒரு காலை நீட்டிக்கொண்டு குனிந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மணி ஆறரை.

"கோவளம் பஸ்ஸு இன்னும் அரை அவர்ல கீது" என்று எழுந்தார். "உனக்காக வர்றேன்னு நெனச்சுக்காத. உன் மேல கீறத வுட அந்த ஸ்டாண்டுக்காரன் மேல எனக்குக் காண்டு ஜாஸ்தி. அவன் கேட்டாண்ட நெழல் கீதுன்னு ஒரு நாளு கூடைய வெச்சேன். நாத்தம்னு சொல்லி காலால தள்ளினான். அப்பால தெனமும் அந்த எடத்துல பிளீச்சிங் பவுடரு. எடு கூடைய."

இரண்டு அன்னக்கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து என் தலையில் ஏற்றினார். ஐஸ் தண்ணீர் காது வழியாகக் கழுத்துக்குள் இறங்கியது. தோளில் டயர், பின்னால் மூட்டை, முன்னால் பை, தலையில் மீன் கூடை. மார்க்கெட் முழுக்க அப்படி நடந்தேன். "யக்கா, புது ஆளா? ஷோக்கா கீறாரு!" என்று யாரோ கத்தினார்கள். "லாரிலர்ந்து வுழுந்துது" என்று அவர் திரும்பாமலே பதில் சொன்னார்.

ஸ்டாண்டு வாசலில் காக்கிச் சட்டைக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"கூடைய உள்ள எடுத்தாராத. நாறும்."

"சாட்சி கேட்டியாமே? சாட்சி இப்படித்தான் நாறும். வேணாம்னா சொல்லு, பஸ்ஸுக்குப் போறேன்."

அவர் என்னை முறைத்தார். "இவங்கதான் உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"நல்லாத் தெரியும்" என்றார் அம்மா. "காலைல என்னை இடிச்சான்."

"சரி. எந்த வண்டின்னு காட்டு. நீ இங்கயே நில்லு" என்று என் மார்பில் கையை வைத்தார்.

அம்மா சுவர் ஓரம் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அந்த வண்டியைப் பார்த்தது அரை நிமிஷம். அதிலும் என்னைத் திட்டுவதில்தான் கண் இருந்திருக்கும். வரிசையில் இருபது சைக்கிள். எல்லாம் கறுப்பு. முதல் வண்டியைத் தாண்டினார். ஐந்தாவதைத் தாண்டினார். என் வண்டிக்கு முன்னால் வந்து, ஹேண்டிலைப் பார்த்து, அதையும் தாண்டிப் போனார்.

நான் வாயைத் திறந்தேன். மார்பில் இருந்த கை அழுத்தியது.

கடைசி வரை போய் நின்றார். "எல்லாம் ஒரே மாதிரி கீதே" என்று முணுமுணுத்தது இங்கே வரை கேட்டது. காக்கிச் சட்டைக்காரர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. "தெரியலன்னா போம்மா. நேரத்தைக் கெடுக்காத."

"இரு நைனா. ஏன் கூவற?"

திரும்பி வந்தார். இந்த முறை ஹேண்டிலைப் பார்க்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு தரையோடு குந்தினார். ஒவ்வொரு முன் சக்கரமாகப் பார்த்துக்கொண்டே குந்தியபடி நகர்ந்தார். என் வண்டியிடம் வந்ததும் நின்றார். மட்கார்டுக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில் விரலை விட்டுச் சுரண்டினார். எழுந்து வந்து காக்கிச் சட்டைக்காரர் முகத்துக்கு நேராக நகத்தை நீட்டினார்.

"இன்னா இது?"

அவர் தலையைப் பின்னால் இழுத்தார். "மீன் செதிலு."

"சங்கரா செதிலு. செவப்பா கீது பாரு. காலைல நான் ஆய்ஞ்சுகினு இருந்த குமியில இவன் சக்கரம் ஏறிச்சு. மட்கார்டு முழுக்க ஒட்டிகினு கீது, போய்ப் பாரு."

"மீன் செதிலு எங்க வேணா ஒட்டும்."

"ஒட்டுமா? இந்த ஸ்டாண்டுல இன்னொரு வண்டில செதிலு காட்டு. நாளைலர்ந்து நான் யாவாரத்தை வுட்டுட்டு உன் கேட்டுக்குப் பிளீச்சிங் பவுடர் போட வர்றேன். நீதான் மீன் வாசமே ஆவாதவனாச்சே, மோந்து பாரு. எது நாறுதோ அது இவன் வண்டி."

டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் சிரித்தார்கள். காக்கிச் சட்டைக்காரர் போய்க் குனிந்து பார்த்தார். மோந்து பார்க்கவில்லை. ஆனால் குனிந்த உடனேயே முகம் சுளித்தது. நிமிர்ந்து இன்னொரு முறை வரிசையைப் பார்த்துவிட்டு மேஜைக்குப் போய் ஒரு நீள நோட்டை எடுத்தார்.

டோக்கன் தொலைத்தவர்களுக்கான நோட்டு அது. பெயர், முகவரி, சாட்சி, சாட்சிக்கு உறவுமுறை என்று கட்டம் போட்டிருந்தது. முகவரியில் நான் பிறந்த ஊரை எழுதினேன். அங்கே எனக்கு வீடு இல்லை என்பதை அவர் கேட்கவில்லை. நான் பேனா பிடித்து நாளாகிவிட்டது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு திசையில் போயிற்று.

"இன்னாடா, கோழி கிண்டற மாதிரி எழுதற?" என்று அம்மா பேனாவைப் பிடுங்கித் தன் கையெழுத்தை ஒரே இழுப்பில் போட்டார். நல்ல கையெழுத்து.

கடைசிக் கட்டத்தைக் காக்கிச் சட்டைக்காரரே நிரப்பினார். அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா எழுதின அங்க?"

"தெரிந்தவர்னு."

"யாருக்கு யாரு தெரிஞ்சவங்க? என் ஒரு கூடை மீனு மண்ணாப் போச்சு. அத்த அடி. இடிச்சவன்னு போடு."

"அப்படில்லாம் போட முடியாதும்மா. ரெக்கார்டு இது."

"ரெக்கார்டுன்னா உண்மைய எழுது. இல்லாட்டி என் கையெழுத்த நான் அடிச்சுடறேன்."

மணி ஏழாக ஐந்து நிமிஷம் இருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "தெரிந்தவர்" என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினார்: இடித்தவர். மரியாதையை மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பாதிச் சீட்டையும் சேர்த்துக் கம்பியில் குத்தினார்.

வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். அம்மா கூடைகளைக் கேரியரில் வைக்கச் சொன்னார். கோவளம் பஸ் நிற்கும் இடம் வரை தள்ளிக்கொண்டு போனேன். காலையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். வரவில்லை. பஸ் வந்ததும் கூடையை வாங்கிக்கொண்டு படியில் ஏறினார். அங்கே நின்று என் தோளில் கிடந்த டயரைப் பார்த்தார்.

"பிரேக்கு புடிக்காத வண்டிக்கு டயர் வாங்கப் பட்டணம் போனானாம்" என்று கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விசில் ஊதினார்.

பாரிமுனையில் மூன்று சந்து அலைந்தேன். பிரேக் ரப்பர் ஒவ்வொரு கடையிலும் கண் முன்னால் தொங்கியது. வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. முட்டி காலையில் இருந்ததைவிட மோசமாக இருந்தது. தாம்பரத்தில் நான் எடுத்துக்கொண்ட ஓய்வு அதோடு முடிந்தது. மார்க்கெட் தாண்டும் வரைக்கும் வண்டியில் ஏறவில்லை. நொண்டிக்கொண்டே தள்ளிப் போனேன்.